தனியா அந்த அறைக்குள்ள போகாதீங்க!



சூலூரிலிருந்து எழுதுறேன். தகவல் தொழில்நுட்ப அணியில் ஒரு தன்னார்வலர், அவ்வளவுதான் நம்ம பொறுப்பு. வழக்கமா நான் போடுறது நிகழ்ச்சிப் படம், வாழ்த்து போஸ்டர், எதிர்த்தரப்புக்கு ரெண்டு வரி பதிலடி. இன்னைக்கு அது எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. கையில இருக்கிற டீ ஆறினாலும் பரவாயில்லைங்க, முழுசாப் படிச்சிடுங்க. ஏன்னா இது உங்க வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறவங்களைப் பத்தின விஷயம்.

2020ல், ஊரடங்கு நேரம். எங்களுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்துட்டு இருந்துச்சு. சர்க்யூட் பாடம் எடுத்த சார் ஒருத்தர். நெட்வொர்க் சரியாக் கிடைக்காத பசங்களுக்காக ராத்திரி பத்து மணிக்கு மேல போன் போட்டுச் சொல்லிக் கொடுத்தவர். ஒரு திங்கட்கிழமை அவர் வரலை. வேற ஒரு மேடம் வந்தாங்க. "சார் ரிசைன் பண்ணிட்டார்" என்று ஒரே வரியில் முடிச்சுட்டாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்பில் அழுகிற ஸ்மைலி நாலு விழுந்துச்சு. அதோட நாங்களும் முடிச்சுட்டோம்.

நாலு வருஷம் கழிச்சு திருச்சி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் அவரைப் பார்த்தேன். "மாமனாரோட தறிக் குடோனைப் பார்த்துக்கறேன் தம்பி"ன்னு சிரிச்சார். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். ஒவ்வொருத்தரையா ஒரு அறைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மேஜை மேல டைப் அடிச்ச ராஜினாமா கடிதம். கையெழுத்துப் போட்டாத்தான் ஒரிஜினல் சான்றிதழ் கைக்கு வரும். பதினோரு வருஷ சர்வீஸ், பதினைந்து நிமிஷத்தில் முடிஞ்சு போச்சு. கடைசியா அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் காதுலயே இருக்கு: "அந்த அறைக்குள்ள என் பக்கத்துல இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தா, நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் தம்பி."

அந்த இன்னொரு ஆளுக்குப் பேர்தான் சங்கம்.

"சங்கமா? கொடி பிடிக்கிறது, கேட்டை மூடுறது, கோஷம் போடுறது"ன்னு நினைக்கிறவங்க நம்ம பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். அதனால ஒரு உண்மைக் கதையைச் சொல்றேன். நம்ம தமிழ்நாட்டுக் கதை. நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலத்தில் நடந்தது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கியது. தமிழுக்கும் தமிழிசைக்கும் பேர் போன இடம். பின்னாடி தொலைதூரக் கல்வியிலும் கொடிகட்டிப் பறந்துச்சு. நம்ம கொங்குப் பக்கத்திலேயே எத்தனை வாத்தியார்கள், எத்தனை கிளார்க்குகள் அங்கே தபாலில் படிச்சுப் பட்டம் வாங்கினாங்கன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

2012 கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் பணம் இல்லாமல் தள்ளாட ஆரம்பிச்சுது. அப்ப அங்கே ஆசிரியர், ஊழியர் எல்லாம் சேர்த்து 12,000 பேருக்கும் மேல. தேவைக்கு மேல ஆள் எடுத்திருந்தாங்க என்பதும், கணக்கு வழக்கில் கோளாறு என்பதும் ஊரறிந்த விஷயம். நிர்வாகம் கையில் எடுத்த மருந்து ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும்.

இந்த இடத்தைக் கவனிங்க. எங்க சாருக்கு நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கணும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கடிதம். ஆனா நடக்கலை. ஏன்னா ஆசிரியர் சங்கமும் ஊழியர் சங்கங்களும் தனித்தனியா நிற்காம கூட்டு நடவடிக்கைக் குழுவாச் சேர்ந்துட்டாங்க. பேராசிரியரும் தோட்டப் பணியாளரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தாங்க. பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டுச்சு. அப்பவும் அவங்க கலையலை.

அவங்க கேட்டது என்ன? "எங்களை நீக்காதே"ன்னு மட்டும் கேட்டிருந்தா, "பணம் இல்லை"ன்னு ஒரே வார்த்தையில் பதில் முடிஞ்சிருக்கும். "பணம் எங்கே போச்சு, கணக்கைக் காட்டு. உன்னால் நடத்த முடியலைன்னா அரசே ஏற்று நடத்தட்டும்"னு கேட்டாங்க. வேலை போகப் போகுதுன்னு பயந்த ஆளு, நிறுவனத்தைக் காப்பாத்துற வழியைச் சொன்னார். சங்கம் என்றால் இதுதாங்க.

2013 ஏப்ரலில் அரசு தலையிட்டுச்சு. ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனா நிர்வாகியா வந்தார். அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம், 2013 சட்டசபையில் நிறைவேறி, செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, பல்கலைக்கழகம் அரசு வசமாச்சு. அன்னைக்கு முதல்வர் ஜெயலலிதா. யார் ஆட்சியில் நடந்தது, யாருக்குப் பேர் போச்சுன்னு கமெண்டில் சண்டை போட வேண்டாம் சொந்தங்களே. நல்லது நடந்தால் நல்லதுன்னு சொல்லிப் பழகுவோம்.

சரி, கூடுதலா இருந்த ஆட்களை என்ன பண்ணாங்க? வீட்டுக்கு அனுப்பலை. பணிநிரவல் செஞ்சாங்க. உபரி ஆசிரியர்கள் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் போனாங்க. ஊழியர்கள் பல அரசுத் துறை அலுவலகங்களுக்குப் போனாங்க. ஆயிரக்கணக்கான பேர் இப்படி இடம் மாறினாங்க. அங்கே காலியிடம் இருந்துச்சு, இங்கே ஆள் இருந்தாங்க. ரெண்டையும் சேர்த்தா கணக்கு நேராச்சு.

எல்லாம் இனிப்பாவே முடிஞ்சுதுன்னு நான் சொல்ல வரலை. குடும்பத்தைச் சிதம்பரத்தில் விட்டுட்டு வெளி மாவட்டத்தில் வாடகை அறையில் தங்கி வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்க இருக்காங்க. "மூணு வருஷம்"னு அனுப்பினது நீட்டிப்பு மேல நீட்டிப்பாப் போச்சு. பதவி உயர்வு, ஓய்வூதியப் பலன்னு இன்னமும் கோரிக்கை மனு கொடுத்துட்டுதான் இருக்காங்க. ஆனா ஒண்ணு. மாசக் கடைசியில் சம்பளம் வந்துச்சு. பிள்ளை படிப்பு நிக்கலை. வீட்டுக் கடன் தவணை நிக்கலை. வேலை போறதுக்கும் ஊர் மாறுறதுக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னு, வேலை போனவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க.

இங்கே ஒரு கேள்வி வரும். வரணும். "தேவைக்கு மேல ஆளை எடுத்து வச்சுட்டு, அவங்களுக்கு ஏங்க மக்கள் வரிப்பணத்தில் சம்பளம்?"

நியாயமான கேள்விதான். ஆனா ஆளை எடுத்தது யாரு? அந்த உதவியாளரா? விண்ணப்பம் போட்டார், எடுத்தாங்க, சொன்ன வேலையைச் செஞ்சார். முடிவு எடுத்தவர் ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கா? வரவு செலவு பார்க்காமல் நியமனம் போட்டவரைக் கேட்காமல், அந்த நியமனத்தை நம்பிக் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, ஊரில் பத்து சென்ட் இடம் வாங்கினவரை முதலில் வெட்டுறது நியாயமே இல்லை. அதுவும் பக்கத்திலேயே அரசுக் கல்லூரிகளில் காலியிடம் கிடக்கும்போது வெட்டுறது, சிக்கனமும் இல்லை.

சிதம்பரத்தோட இந்தப் பிரச்சினை முடியலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2022ல் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்டவங்களை ஒரே மூச்சில் நீக்குச்சு. வருஷக்கணக்கா அங்கேயே உழைச்சவங்க வாசலில் உட்கார்ந்து போராடினாங்க. அடுத்த ரெண்டு வருஷத்தில் நிரந்தரப் பணியில் இருந்தவங்களுக்கே மாசச் சம்பளம் வராம, பேராசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்துக்கு வந்தாங்க. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்குச்சு. 424 கோடி ரூபாய் வரி பாக்கின்னு நோட்டீஸ். 1857ல் தொடங்கின பல்கலைக்கழகம், சம்பளம் போட வழியில்லாம நின்னுது.

பாருங்க, முதலில் போறது தினக்கூலி. அப்புறம் தொகுப்பூதியம். அப்புறம் கௌரவ விரிவுரையாளர். கடைசியில் நிரந்தரம். "நமக்கென்ன, அவங்க டெம்பரரிதானே"ன்னு நினைக்கிற பேராசிரியர் வரிசையில் நாலாவது ஆள். அவ்வளவுதான். நல்ல சங்கம் வரிசையில் முதல் ஆள் விழும்போதே எழுந்திரிக்கும். நிரந்தர ஊழியருக்காக மட்டும் பேசுற சங்கம், தன் முறை வரும்போது தனியாத்தான் நிற்கும்.

இதை நம்ம ஊருக்குப் புதுசாச் சொல்ல வேண்டியதே இல்லை. கோவை மில்லுக்காரன் ஊரு. இதோ பக்கத்தில் சின்னியம்பாளையம். ராமையன், சின்னையன், வெங்கடாசலம், ரங்கண்ணன். நாலு பேரும் மில் தொழிலாளிகள், சங்கத்துக்காரங்க. 1946 ஜனவரி 8ல் கோவைச் சிறையில் தூக்கில் ஏத்தினாங்க. அவங்க கொள்கை நம்ம கட்சிக் கொள்கையா இல்லையான்னு பார்க்காம, அந்த வழியாப் போகும்போது தலை குனியுற ஊரு இது. மில்லில் எட்டு மணி நேர வேலையும் போனஸும் பி.எஃப்பும் யாரும் தட்டில் வச்சுக் கொடுத்ததில்லைன்னு எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

அப்புறம் 2020 மார்ச். ஊரடங்கில் மூடின என்.டி.சி. மில்கள். பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், சி.எஸ்.டபிள்யூ. அதுக்கப்புறம் பழையபடி ஓடவே இல்லை. பாதிச் சம்பளம், அதுவும் இழுபறி. ஆனா அந்தத் தொழிலாளிகளை இன்னமும் கணக்கில் வச்சிருக்கிறது எது? சங்கம்தான். மில் கேட்டில் சங்கப் போர்டு இருந்ததால் அவங்க பேர் பதிவேட்டில் இருக்கு, மனு டெல்லி வரைக்கும் போகுது. அதே 2020ல் இதே கோவையில் தனியார் கல்லூரிகளில் வேலை போன ஆசிரியர்களுக்குப் பதிவேடும் இல்லை, மனுவும் இல்லை. எத்தனை பேர்ன்னு எண்ணிச் சொல்லக்கூட ஆள் இல்லை. எல்லாரும் "ரிசைன்" பண்ணினவங்க!

ஏன் ஆசிரியருக்கு மட்டும் இந்த நிலைமை? இங்கேதான் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கு. நம்மில் பல பேருக்கு இது தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தொழில் தகராறு சட்டப்படி கல்வி நிறுவனமும் "தொழில்"தான்னு சொல்லிடுச்சு. அதனால் அலுவலக ஊழியர், டிரைவர், லேப் உதவியாளர் எல்லாருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆட்குறைப்புன்னா ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு. கடைசியா வந்தவர்தான் முதலில் போகணும். மறுபடி ஆள் எடுத்தா நீக்கினவருக்கே முன்னுரிமை. ஆனா 1988ல் சுந்தராம்பாள் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஆசிரியர் என்பவர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டார்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. ஆசிரியப் பணி உன்னதமானதாம். மரியாதை கொடுத்தாங்க, பாதுகாப்பை எடுத்துட்டாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த ஆபீஸ் உதவியாளருக்குச் சட்டப்படி 180 நாள் சம்பளம். பதினோரு வருஷம் பாடம் எடுத்த எங்க சாருக்குப் பூஜ்யம்.

2025 நவம்பரில் புதுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துச்சு. பத்திரிகையாளரும் விற்பனைப் பிரதிநிதியும் அதில் தொழிலாளி. ஆசிரியர் பேர் அதிலும் இல்லை. போதாக்குறைக்கு, அறப்பணி செய்யும் அமைப்புகள் நடத்துற நிறுவனங்களுக்கு விலக்குன்னு ஒரு வரி இருக்கு. நம்ம ஊர்க் கல்லூரிகள் பெரும்பாலும் அறக்கட்டளைப் பேரில்தானே நடக்குது? அந்த வரியைக் காட்டி, இருக்கிற ஊழியர்களையும் வெளியே தள்ளப் பார்க்கிற ஆபத்து இருக்கு. கவனமா இருக்கணும்.

தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976லிருந்தே இருக்கு. உரிய அதிகாரியோட முன் அனுமதி இல்லாம ஆசிரியரையோ ஊழியரையோ நீக்கக் கூடாதுன்னு அதில் எழுதியிருக்கு. அதனாலதான் யாரும் "நீக்குறது" இல்லை. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்குறாங்க. இப்பப் புரியுதா அந்த மேஜை மேல ஏன் கடிதம் தயாரா இருந்துச்சுன்னு? அந்த ஒரு கையெழுத்து, ஒரு சட்டத்தையே செல்லாக்காசு ஆக்கிடுது.

2018ல் ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் – மாணவர் விகிதத்தை 1:15லிருந்து 1:20 ஆக்குச்சு. 240 மாணவர் இருக்கிற துறையில் பதினாறு ஆசிரியர் இருந்த இடத்தில் பன்னிரண்டு போதும். ஒரு சுற்றறிக்கை, நாலு குடும்பம். இதில் யாரும் கெட்டவர் இல்லை, யாரும் கத்தலை. ஒரு எண் மாறுச்சு, அவ்வளவுதான். இந்த மாதிரி எண் மாறும்போது "இந்த நாலு பேருக்கு என்ன வழி?"ன்னு கேட்க ஒரு அமைப்பு வேணுமா, வேண்டாமா?

வெளிநாட்டிலும் இதே கதைதாங்க. நம்ம ஊர்ப் பிள்ளைங்க கடன் வாங்கி எம்.எஸ்ஸி. படிக்கப் போற பிரிட்டனில், வெளிநாட்டு மாணவர் வருகை குறைஞ்சதும் பல்கலைக்கழகங்கள் ஆட்டம் கண்டுச்சு. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கப் போறோம்னு அறிவிச்சுது. அங்கே உள்ள யு.சி.யு. சங்கம் உறுப்பினர்கிட்ட ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு வாங்கி வச்சுக்கிட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துச்சு. அந்த வருஷம் முழுக்க யாரையும் கட்டாயமா வெளியேத்த மாட்டோம்னு நிர்வாகம் ஒத்துக்கிட்ட பிறகு வேலைநிறுத்தத்தை நிறுத்தி வச்சாங்க. முழு வெற்றியா? இல்லை. விருப்ப ஓய்வில் நிறையப் பேர் போனாங்க. ஆனா போனவங்க தானாப் போனாங்க. அறைக்குள்ள கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கலை.

சரி, இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். கட்சிப் பக்கத்தில் இதை ஏன் எழுதுறேன்?

ஒண்ணு, கோரிக்கை. அரசு நிதி பெறும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆட்குறைப்புன்னா, முதலில் கணக்கு வெளியே வரணும். ரெண்டாவது, காலியிடப் பட்டியல் வெளியே வரணும். அண்ணாமலையில் செஞ்ச மாதிரி பணிநிரவல் முடிஞ்ச பிறகுதான் மத்த பேச்சு. யு.ஜி.சி. 2019லேயே கௌரவ விரிவுரையாளருக்கு மாசம் 50,000 ரூபாய் வரைன்னு சொல்லியும், 25,000 ரூபாய்க்கு வேலை வாங்குற நிலைமை மாறணும். ஆசிரியரையும் "தொழிலாளி" வரையறைக்குள் கொண்டு வரணும். நம்ம தலைவர்கள் இதைச் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் பேசணும். கட்சிக்காரனா மேடைக்குக் கீழே நின்னு கை தட்டுற எனக்கு, இதைக் கேட்கிற உரிமையும் இருக்குன்னு நம்புறேன்.

ரெண்டு, நமக்கு நாமே. வாசலில் உட்கார்ந்து போராடுற ஊழியரோட படத்தைப் பார்த்ததும் "யார் ஆட்சி?"ன்னு பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி மீம் போடுறதை நிறுத்துவோம். நானும் போட்டிருக்கேன், ஒத்துக்கறேன். வேலை போறவருக்கு எந்த ஆட்சியும் ஒண்ணுதான்.

மூணு, உங்களுக்கு. நீங்களோ, உங்க அக்கா, மச்சான், மாமன் மகளோ கல்லூரியில் வேலை பார்த்தா, இதைச் சேமிச்சு வச்சுக்கோங்க:

நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம் எல்லாத்தையும் இன்னைக்கே போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்க.

ஒரிஜினல் சான்றிதழ் உங்க சொத்து. கொடுத்திருந்தா, எழுத்துப்பூர்வமாத் திரும்பக் கேளுங்க. கேட்ட கடிதத்தோட நகலை வச்சுக்கோங்க.

அறைக்குக் கூப்பிட்டா, "யோசிச்சுச் சொல்றேன்"ன்னு எழுந்து வாங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடணும்னு எந்தச் சட்டமும் இல்லை. மிரட்டி வாங்கிட்டாங்கன்னா, அன்னைக்கே நடந்ததைத் தேதி, நேரம், ஆள் பேரோட எழுதிப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிடுங்க.

சங்கம் இருந்தா சேருங்க, சந்தா கட்டுங்க. இல்லைன்னா ஏழு பேர் சேருங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பண்ண ஏழு பேர் போதும். அமைப்பாச் சேரும் உரிமை அரசியல் சாசனம் கொடுத்தது, எந்த நிர்வாகமும் கொடுத்தது இல்லை.

யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டா, அறை வாசலிலாவது நாலு பேர் போய் நில்லுங்க. பேச வேண்டாம். நின்னாலே போதும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்க சார் திடீர்னு வராமப் போனா, "ரிசைன் பண்ணிட்டார்"னு சொன்னதை அப்படியே நம்பிட்டு ஸ்மைலி போட்டு நகர்ந்துடாதீங்க. ஒரு போன் போடுங்க. "என்ன சார் ஆச்சு?"ன்னு கேளுங்க. அன்னைக்கு எங்க வகுப்பில் அறுபது பேர் இருந்தோம். ஒருத்தர்கூடக் கேட்கலை. அந்த அறுபதில் நானும் ஒருத்தன்.

எங்க சார் கையெழுத்துப் போட்டு வருஷம் ஆச்சு. அவருக்கு இந்தப் பதிவால் வேலை திரும்ப வரப்போறதில்லை. ஆனா இன்னைக்குச் சாயங்காலம் ஏதோ ஒரு கல்லூரியில் யாரோ ஒருத்தரை அந்த அறைக்குக் கூப்பிடுவாங்க. அவர் போனுக்கு இது அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்.

பகிருங்க சொந்தங்களே.

– தகவல் தொழில்நுட்ப அணி, சூலூர்

#தனியாப்போகாதீங்க #ஆசிரியரும்தொழிலாளிதான் #பணிநிரவல்செய் #சூலூர்